வெயிலுக்குச் சுவிச் இல்லை

மல்லாவிச் சந்தியில் இறங்கி நெல்லு மில் எங்கே என்று கேட்டால், பத்துப்பேரில் எட்டுப்பேர் என்னுடைய மில்லுப் பக்கம்தான் கையை நீட்டுவார்கள். வேறு மில்லுகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்திவாரம் வெட்டியதிலிருந்து கூரைத் தகரத்துக்கு ஆணி அறைந்ததுவரை ஒரு மேசனையோ மரவேலைக்கு ஒரு ஓடாவியையோ கூப்பிடாமல் தன் கையாலேயே ஒருவன் எழுப்பிய மில் இது ஒன்றுதான். பள்ளிக்கூட வாங்கில் நான் இருந்ததைவிட ட்ரக்டருக்குக் கீழே படுத்திருந்த நேரம் கூட. எந்த மெசினையும் கழற்றிப் பூட்டுவேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அப்படிப்பட்ட என்னுடைய வேலையில், என் மகளைவிட இளமையான ஒரு பிள்ளை பதினொரு பிழை பிடித்தா. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

மில் மோட்டருக்கு வந்த கறண்ட் பில் மில்லையே தின்றுகொண்டிருந்தது. அரைத்த கூலி பில்லுக்கே காணாமல், போன போகம் மில்லைப் பூட்டி வைத்தேன். வன்னியில் நெல்லு வெட்டுத் தொடங்குகிற கிழமை எந்த மில் ஓடுகிறதோ, வருஷம் முழுக்க ஆக்கள் அங்கேதான் போவார்கள். இந்தக் காலபோக வெட்டுக்கும் பூட்டிக் கிடந்தால் என் மில்லை ஊர் மறந்துவிடும். அதனால்தான் சோலர் போட முடிவெடுத்தேன்.

சோலர் தட்டுகளைக் கொண்டுவந்த கடைக்காரர், "பொருத்த எங்கட ஆக்கள் வருவினம் ஐயா," என்றார்கள்.

"இறக்கிப்போட்டுப் போங்கோ. மிச்சம் நான் பாக்கிறன்," என்றேன்.

பார்த்தேன்தான். மில் கூரையில் இரண்டு வரிசை, முற்றத்தில் இரும்புக் கால் நட்டு ஒரு வரிசை. நேரென்றால் அப்படி ஒரு நேர். நூல் பிடித்துப் பார்த்தாலும் விலகாது. இனிக் கறண்ட் கந்தோரிலிருந்து எஞ்சினியர் வந்து பார்த்து ஒரு கையெழுத்து வைத்தால் ஊர் லைனோடு சேர்த்துவிடலாம். வெட்டுக்கு மூன்று கிழமை இருந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் அத்தனை தட்டும் கூரையில் கிடந்து வெயில் காய வேண்டியதுதான்.

ஒரு காலமை கந்தோர் வாகனம் வந்து நின்றது. தலைக்கவசமும் கனத்த சப்பாத்தும் போட்ட ஒரு பிள்ளை இறங்கினா.

"எஞ்சினியர் பின்னால வாறாரோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"முன்னால வந்திட்டன் ஐயா," என்றா.

என்னுடைய மனிசி குசினி வாசலில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

நாயாற்றுப் பக்கத்துப் பிள்ளை, தகப்பன் கடற்றொழில் என்று மனிசி தேத்தண்ணி கொடுக்கும்போதே விசாரித்து வைத்துவிட்டா. பிள்ளை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முதல் செய்த வேலை என்னவென்றால், கழுத்துச் சங்கிலி, மோதிரம், மணிக்கூடு மூன்றையும் கழற்றி மனிசியின் கையில் கொடுத்ததுதான். உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாதாம். பிறகு தடித்த றப்பர் கையுறையை எடுத்து, அதற்குள் ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட்டா. நாற்பது வருஷம் வயர் பிடித்த எனக்கு இந்தப் பழக்கம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது வெறுங்காலும் வெறுங்கையும்தான்.

தட்டுகளிலிருந்து வருகிற வயர் சேரும் பெட்டியைத் திறந்தா.

"இந்தப் பிரேக்கரை ஆர் போட்டது?"

"நான்தான். விலை கூடின சாமான்."

"நல்ல சாமான்தான் ஐயா. ஆனால் வீட்டுக் கறண்டுக்குச் செய்தது. தட்டில இருந்து வாறது பற்றரி மாதிரி ஒரே பக்கமா ஓடுற கறண்ட்."

"பற்றரிக் கறண்ட் ஆளைப் பிடிக்காது பிள்ளை. நீர் பிறக்க முதலே நான் அதோட சீவிச்சவன்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வன்னியில் கறண்ட் இல்லாமல் இருந்த வருஷங்களில் நாங்கள் எல்லோரும் படித்த பாடம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்டோம். ட்ரக்டர் பற்றரியில் வீட்டுக்கு லைற் எரித்தோம். ஈரக் கையால் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டாலும் ஒரு சுள் என்பதுகூட இராது. லைன் கறண்ட் கொல்லும், பற்றரிக் கறண்ட் வீட்டுப் பிராணி மாதிரி என்று எங்கள் வயதுக்காரர் எல்லோரும் நம்பினோம். இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளை என்னோடு வாதாடவில்லை. மீற்றரை எடுத்து முனைகளில் வைத்தா. "ஐயா, பின்னுக்கு நிண்டு இலக்கத்தை வாசியுங்கோ."

"ஐந்நூற்றி அறுபது."

"ட்ரக்டர் பற்றரி எவ்வளவு?"

"பன்னிரண்டு."

அவ்வளவுதான். நான் பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன்.

தட்டை ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு போகப்போக வோல்ற் கூடிக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனதில் அது பற்றரியாகத்தான் இருந்தது.

பிரேக்கர் கதையையும் விளங்கப்படுத்தினா. வீட்டுக் கறண்ட் ஒரு செக்கனுக்கு நூறு தரம் நின்று நின்று வருமாம். சுவிச்சை நிற்பாட்டும்போது உள்ளே தெறிக்கிற பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். இந்தக் கறண்ட் நிற்பதே இல்லை. பொறி பிடித்தால் பிரேக்கரையே எரித்துக்கொண்டு ஓடும்.

"அப்ப, குளத்தில தண்ணி திறக்கிற துருசுக்குக் கதவு போடவேண்டிய இடத்தில நான் சுளகை வச்சு மறிச்சிருக்கிறன்," என்றேன்.

"அதேதான் ஐயா! இனி நான் மற்ற இடங்களிலயும் இப்பிடித்தான் சொல்லப்போறன்." அந்தப் பிள்ளைக்கு என் உவமை பிடித்துப்போய்விட்டது. உவமை சொல்லுவதில் என்னை விழுத்த ஆள் இல்லை.

"மெயினை நிப்பாட்டினால் எல்லாம் செத்துப்போகும் எண்டு நினைக்காதேங்கோ," என்றா. "லைன் நிக்கும். தட்டு நிக்காது. வெயிலுக்குச் சுவிச் இல்லை."

பிறகு முற்றத்து வரிசைக்குப் போனோம். எங்கள் பக்கத்து முற்றங்களில் அசையாமல் நிற்கிற எதிலும் ஒரு உடுப்புக் கொடி கட்டிவிடுவார்கள். நான் இரும்புக் கால் நட்ட அடுத்த நாளே மனிசி அந்தக் காலிலிருந்து வேப்பமரம்வரை கம்பிக் கொடி இழுத்துவிட்டா. அன்றைக்கு அதில் என்னுடைய சாரமும் அவாவின் சட்டைகளும் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின.

பிள்ளை தட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தா. கன நேரம் நிமிரவில்லை.

"அம்மா, உதில ஆர் உடுப்புப் போடுறது?"

"நான்தான் பிள்ளை. விடியத் தோய்ச்சுப் போட்டனான்."

"இனிப் போடாதேங்கோ என்ன."

என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. நான் வயரை இரும்புச் சட்டத்தின் விளிம்போடு இழுத்துக் கட்டியிருந்தேன். காற்றில் அசைந்து அசைந்து விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. செம்பு வெளியே தெரிய ஒரு நகத்தின் தடிப்புத்தான் மிச்சம். அது தெரிந்தால் சட்டத்தில் கறண்ட். சட்டத்திலிருந்து கொடி. கொடியில் ஈரக் கையோடு என் மனிசி. சட்டத்தைத் தரையோடு சேர்க்கிற எர்த் கம்பி ஒன்றும் நான் போட்டிருக்கவில்லை. பற்றரிக்கு எவன் எர்த் போடுவான்?

மனிசி ஒரு நீளத் தடியால் உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தா.

கையெழுத்துக் கிடைக்கவில்லை. பதினொரு பிழையும் எழுதிய தாளைத் தந்து, ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்லி, அனுமதிப்பத்திரம் உள்ள வயர்காரர் ஒருவரை வைத்துத்தான் திருத்த வேண்டும் என்றா. நெளுக்குளத்திலிருந்து ஒருவரைப் பிடித்தேன். எர்த் கோல் இறக்கினோம். வயரெல்லாம் குழாய்க்குள் போனது. தட்டுக் கறண்டுக்கென்றே செய்த சுவிச் வந்தது. வயர் முனைகளைக் கொளுவுகிற கொளுக்கிகள் எல்லாம் ஒரே கொம்பனி, ஒரே வகை. வேறு கொம்பனியின் கொளுக்கி பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும், ஆனால் உள்ளே மெல்ல மெல்லச் சூடேறி ஒருநாள் பற்றும் என்று பிள்ளை தாளில் கீழ்க்கோடு போட்டு எழுதியிருந்தா.

வயர்காரர் வேலை முடித்துப் போன இரண்டாம் நாள் குரங்குகள் வந்தன. கூரையின் பின்பக்கத்தில் ஒரு வயரை இழுத்து, கொளுக்கியை உடைத்துவிட்டுப் போயின. மறுநாள் பிள்ளை திரும்பப் பார்க்க வருகிறா. வெட்டு அன்றைக்கே தொடங்கிவிட்டது. நான் சந்தைக் கடையில் கிடைத்த ஒரு கொளுக்கியை வாங்கிப் பொருத்தினேன். டக் என்று இருந்தது. வேறு கொம்பனிதான். ஆனால் தட்டுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடம்.

பிள்ளை வந்தா. படலை வாசலில் பக்கத்துக் காணிக்காரர் முதல் நெல்லோடு ட்ரக்டரை நிறுத்திவிட்டு, "அண்ணை, அரைப்பியளோ, நான் துணுக்காய் மில்லுக்கு விடவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொறு, பொறு," என்றேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தா. "நல்லாச் செய்திருக்கிறியள் ஐயா," என்றா. பதினொன்றில் பத்து முடிந்தது. கடைசியில் ஏணியைக் கூரையின் பின்பக்கத்தில் சாத்தினா. கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பார்க்கப் போகிறா. இரண்டாவது படியில் கால் வைத்துவிட்டா.

"பிள்ளை, இறங்கும்," என்றேன்.

திரும்பிப் பார்த்தா.

"அதில ஒண்டு பிழை. வேற கொம்பனி. நேற்று நான்தான் போட்டனான்."

சொல்லாமல் விட்டிருந்தால் அவாவே கண்டிருக்கவும் கூடும், காணாமல் விட்டிருக்கவும் கூடும். அது எனக்குத் தெரியாது. நான் செய்த பிழையில் அந்தப் பிள்ளை கை வைக்கிறதை ஏணிக்குக் கீழே நின்று என்னால் பார்க்க முடியவில்லை.

பிள்ளை இறங்கினா. ஏசவில்லை. "இதோட கையெழுத்து வைக்கேலாது ஐயா."

"வெட்டுத் தொடங்கீட்டுது பிள்ளை."

"தெரியும் ஐயா. எனக்கு இன்னும் ரண்டு இடம் இருக்கு. நாலு மணிக்கு இந்தப் பாதையாலதான் திரும்புவன். அதுக்குள்ள சரியெண்டால் பாப்பம்."

வயர்காரர் சரியான கொளுக்கியோடு மோட்டச்சைக்கிளில் வந்து சேர மூன்று மணி தாண்டிவிட்டது. சுவிச்சை நிற்பாட்டியும், வெயில் எறிக்க எறிக்கத் தட்டுத் தொடரில் கை வைக்க அந்த மனிதர் தயங்கினார். எனக்கு யோசனை வந்தது. நெல்லுக் காயப்போடுகிற படங்கு, கறுப்புப் படங்கு, நாலு கிடந்தது. இரண்டு மடிப்பாக மடித்துத் தட்டுகளை ஒரு துளி வெளிச்சம் போகாமல் மூடினோம். மீற்றர் இலக்கம் விழுந்து விழுந்து கீழே வந்தது. வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்து படங்கைப் பார்த்தா.

"ஆற்ற யோசனை?"

"என்னுடைய யோசனை. வெயிலுக்குச் சுவிச் இல்லை எண்டீர். இருக்கு."

"இது புத்தகத்திலயும் இருக்கு ஐயா."

"அதை எழுதினவனும் நெல்லுக் காயப்போட்டவனாத்தான் இருப்பான்," என்றேன். வயர்காரர்கூடச் சிரித்தார்.

ஏறிப் பார்த்து இறங்கி, மீற்றர் வைத்து, தாளை எடுத்தா. பேனையையும் எடுத்தா. எழுதவில்லை.

"நெருப்பெண்டால் எப்பிடி நிப்பாட்டுவியள்? செய்து காட்டுங்கோ."

முதல் லைன் பக்கம், பிறகு தட்டுப் பக்கம், அதுதான் ஒழுங்கு. நான் கையைக் கொண்டுபோனது தட்டுப் பக்கத்துக்கு. "பிழை," என்றா. இரண்டாவது தரம் சரியாகச் செய்தேன்.

"ஐயா வயலுக்குப் போனால் வீட்டில ஆர்?"

"மனிசி."

"அப்ப அம்மா, நீங்கள் வாங்கோ."

நான் வாய் திறந்தேன். "இஞ்சாரும், முதல்..."

"நீங்கள் சும்மா நில்லுங்கோ," என்று மனிசி என்னை விலக்கினா. கையை முந்தானையில் துடைத்து உலர்த்தினா. லைன் பக்கம். பிறகு தட்டுப் பக்கம். அதன்பிறகு, ஒருவரும் சொல்லாமலே, பெட்டியிலிருந்து மூன்றடி பின்னுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

பிள்ளை தாளை ஒரு நெல்லு மூட்டையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டா.

மில்லை எழுப்பினது நான். தட்டைப் பொருத்தினது நான். படங்கைப் போட்டதும் நான். ஆனால் அந்தக் கையெழுத்து என் மனிசி ஒரே தரத்தில் சரியாக நிற்பாட்டியதற்கு விழுந்தது. அதைக் கேட்கிறவர்களிடம் நான் மறைப்பதில்லை. படலையில் நின்ற ட்ரக்டரை உள்ளே எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டதும் அவாதான்.