லாட்வியாவில் வாங்கிய தழையடி

முருகன் அருளால் ஊர் திரும்பினேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் துரைக்குச் சமையல் செய்பவன் நான். துரைசானி பிறந்தது லாட்வியா தேசம். போன கோடையில் அவர்கள் கப்பலேறியபோது என்னையும் அழைத்துப் போனார்கள்.

சனிக்கிழமையன்று துரையின் மாமனார் எங்களைக் குளிக்கக் கூப்பிட்டார். சனி முழுக்கு நமக்கும் உள்ளதுதானே என்று சந்தோஷமாகப் போனேன். சிறிய மர அறைக்குள் கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றினார்கள். ஆவி குப்பென்று எழுந்தது. பெரியவர் ஒரு தழைக்கொத்தை எடுத்து என் முதுகில் விளாசத் தொடங்கினார்.

எனக்குப் பேய் பிடித்திருப்பதாக நினைத்துவிட்டார்கள் என்று பதறிப்போனேன். பேய் பிடித்தவனை யார் அடுப்படியில் விடுவார்கள்? வேலை போய்விடுமே. நம் ஊரில் வேப்பிலை அடிக்கும்போது, போகிறேன் என்று பேய் ஒப்புக்கொண்டால்தான் அடி நிற்கும். ஆகவே நானே கைகூப்பி, "போயிடுதேன் சாமி, இனி இவன்கிட்ட வரமாட்டேன்" என்று கதறினேன்.

தோட்டத்துத் தமிழ் தெரிந்த துரை, "எங்கே போறே? அழுக்கு போகத்தான் அடிக்கிறார். அடுத்தது என் முதுகு, நீதான் அடிக்கணும்" என்றார்.

துரைமேல் எனக்குக் கை எழவில்லை. முருகா என்று தழையால் மெல்லத் தடவினேன்.

"பலமா அடி. நாளைக்கும் நீதான் சமையல்."

அதன்பிறகுதான் அடித்தேன்.

இப்போதெல்லாம் வெளியூரில் யார் குளிக்கக் கூப்பிட்டாலும், யார் யாரை அடிப்பது என்று கேட்டுக்கொண்டுதான் வேட்டியை அவிழ்க்கிறேன்.