கனகவல்லி திருந்தவில்லை

முன்சக்கரம் சேற்றில் புதைந்து, பின்சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த பச்சை ஸ்கூட்டர் ஒன்று என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. உத்தமபாளையத்தைத் தாண்டியதும் நெல்வயல்கள் தொடங்கும் இடத்தில், நட்டுப் பத்து நாள்கூட ஆகாத நாற்றுகளுக்கு நடுவே அது நின்றது. வரப்பில் என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, இடுப்புவரை சேறு அப்பிய பட்டுச்சேலையோடு உட்கார்ந்து கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் நாலடி தள்ளி விழுந்து கிடந்தேன். ஓடிவந்து எங்களைத் தூக்கிவிட்டவர்களிடம் மதினி சொன்ன முதல் வார்த்தை, "எருமை குறுக்க வந்துருச்சு" என்பது.

எருமை எதுவும் வரவில்லை. ஒரு கோழிகூடக் குறுக்கே வரவில்லை. எதிரே வந்த பேருந்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று மதினி திரும்பிப் பார்த்தாள், வண்டியும் அவளோடு சேர்ந்து திரும்பிவிட்டது. ஆனால் நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த எருமைக்கு இரண்டு கன்றுகள் பிறந்துவிட்டன. சாயங்காலம் அண்ணனின் உரக்கடையில் அது கொம்பு சீவிய காளையாக மாறியது. வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்தபோது மேகமலையிலிருந்து இறங்கிவந்த காட்டுமாடு ஆகிவிட்டிருந்தது. "கண்ணு ரெண்டும் அப்பிடியே செவந்து கெடக்கு. நான் மட்டும் வண்டிய வயலுக்குள்ள விடலேன்னா இந்தப் பிள்ளைய இன்னைக்கு நீங்க பாத்திருக்க முடியாது" என்று என் தோளில் கைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட பெண்கள் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

மதினியின் பொய்களை அவள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே நான் அறிவேன். கம்பத்தில் வாழைக்காய் வியாபாரியின் ஒரே மகள். ஊரில் பாதி தன் அப்பாவுடையது என்பாள், மீதிப் பாதியை அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டதாகவும் சொல்வாள். செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருப்பாள். விரதத்துக்குச் சோறுதான் ஆகாதே தவிர, ஏழு இட்லிக்கு எந்தத் தடையும் கிடையாது. யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் செத்தவரின் சொந்த மகளைவிடச் சத்தமாக அழுவாள். ஒருமுறை ராயப்பன்பட்டியில் வீடு மாறிப்போய், அறிமுகமே இல்லாத ஒரு குடும்பத்தின் இழவில் அரைமணி நேரம் அழுதுவிட்டு, அவர்கள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்தாள். "யாரா இருந்தா என்ன, மனுசந்தான?" என்றாள் என்னிடம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்தபின் நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காலையில் பேருந்தில் போய் மாலையில் திரும்புவேன். எனக்கு இருபத்தெட்டு வயதில் தேனிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்தார்கள். பத்திரிகை அடித்து, பாதிப்பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. அப்போது அவர்கள் வீட்டிலிருந்து தொலைபேசியில் இரண்டே நிமிடம் பேசினார்கள். வேறு இடம் அமைந்துவிட்டதாம், மன்னிக்கவேண்டுமாம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கல்யாணம் நின்றதைவிட, மறுநாள் அந்தப் பேருந்தில் எப்படி ஏறுவது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் நான் ஏறவேண்டிய அவசியம் வருவதற்கு முன்பே மதினி தெருவில் இறங்கிவிட்டாள். பால் ஊற்றவந்தவளிடம், "நாங்கதான் வேணாம்னுட்டோம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை தண்ணீர் குடிப்பதற்குக்கூட அவர் அம்மாவைக் கேட்டுத்தான் குடிக்கிறார் என்றாள். தையல் கடையில் வேறு காரணம் சொன்னாள். அதுதான் ஊரெல்லாம் நின்றது. நிச்சயதார்த்தம் அன்று சுவரில் ஒரு பல்லியைப் பார்த்து மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறிக்கொண்டாராம். இறங்கமாட்டேன் என்று கத்தினாராம். அப்போது நான் எழுந்து, "பல்லிக்குப் பயப்படுறவரு என்னைய எங்குட்டுக் காப்பாத்தப் போறாரு?" என்று சபை நடுவில் கேட்டேனாம். நான் அன்று தலையையே நிமிர்த்தவில்லை. அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் பேருந்தில் ஏறியபோது நடத்துநர் எழுந்து இடம்கொடுத்தார். பள்ளியில் ஆசிரியைகள் என்னைச் சுற்றி வந்து, "எப்படித்தான் அவ்வளவு தைரியமாச் சொன்னீக?" என்றார்கள். பரிதாபப்படுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனவள், ஒரே வாரத்தில் ஊருக்கே வீராங்கனையாகிவிட்டேன். அந்த மாப்பிள்ளை பாவம். அவர் பல்லிக்குப் பயப்படுபவரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது நான் மதினிக்கு நன்றி சொல்லவில்லை. பொய்யில் ஏறி நிற்கிறோமே என்று கூசினேன். அவளோடு பத்து நாள் முகம்கொடுத்துப் பேசவும் இல்லை.

அந்த நாட்களில்தான் கதை எழுதத் தொடங்கினேன். என் கதாநாயகிகள் எல்லோரும் பொறுமைசாலிகள். மாமியார் திட்டினால் புன்னகை செய்வார்கள், கணவன் மறந்துபோனால் மன்னிப்பார்கள். பொய் சொல்லமாட்டார்கள். இன்று நினைத்துப் பார்த்தால் அவர்களுக்கு வியர்த்ததுகூட இல்லை. பத்திரிகைகளுக்கு அனுப்புவேன், திரும்பிவரும். ஒருநாள் திரும்பிவந்த கதை ஒன்றை மதினி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். முடித்துவிட்டு, "ஏத்தா, இவ காலையில எந்திரிச்சதுல இருந்து எல்லாருக்கும் ஆக்கிப்போட்டுக்கிட்டே இருக்காளே, எப்பத்தான் இவ சாப்டுவா?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு இலக்கியம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கூட்டர் வயலில் இறங்கியது கல்யாணம் நின்று ஆறு வருடம் கழித்து. அந்த மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. ராயப்பன்பட்டிப் பேருந்தில் என்னோடு வந்த மதினி, என் கதையைச் சினிமாவாக எடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வந்திருப்பதாகப் பேருந்து முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள். ஒரு கதைகூட அச்சில் வராத நேரம் அது. பள்ளியில் தலைமையாசிரியர் வாழ்த்துச் சொன்னபோது எனக்குத் தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். கனகவல்லி என்று ஒருத்தி. பெருத்த உடம்பு, பெரிய தோடு. விரதத்துக்கு ஏழு இட்லி. ஸ்கூட்டர், நெல்வயல், காட்டுமாடு. எதையும் விடவில்லை. மதினி கூட்டிச்சொன்னதை நான் இன்னும் கூட்டினேன். எழுதும்போதே சிரித்தேன். இறுதியில் கனகவல்லியின் பொய் சபை நடுவே உடைகிறது. அவள் எல்லோர் காலிலும் விழுந்து, இனி வாழ்நாளில் பொய்யே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து அழுகிறாள். புனைபெயரில் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அனுப்பினேன். உடனே போட்டுவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. புனைபெயர் இருக்கிறதே என்ற தைரியம். கம்பத்தில் மதினியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த பெண்கள் நடுவே, மதினியின் சித்தி மகள் கைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தாள். "இந்தக் கதையக் கேளுங்கடி, வயித்த வலிக்கும்" என்று படிக்கத் தொடங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். மதினிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஏழு இட்லி வந்தபோது தொடையில் அடித்துச் சிரித்தாள். ஸ்கூட்டர் வந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. காட்டுமாடு வந்தது. மதினி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளைத் தொடர்ந்து அங்கே இருந்த இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் நிறுத்திவிட்டாள்.

"ஏ, இது நம்ம அக்கா கதையில்ல?" என்றாள் யாரோ ஒருத்தி.

நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மதினி தோட்டைத் திருகிச் சரிசெய்துகொண்டாள். "பின்ன வேற யாரு கதை? நாந்தான் எழுதச் சொன்னேன். இவ எழுத மாட்டேன்னு ஒரே அழுகை. என்னையப் பத்தி எழுதுனா எப்பிடி ஓடுதுன்னு பாருன்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். நிறுத்தாம படிடி, மிச்சத்தையும் கேப்போம்" என்றாள். மிச்சத்தையும் படித்தார்கள். கனகவல்லி காலில் விழுகிற இடம்வரைக்கும் மதினி நேராக உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பந்திக்குப் போனாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, என் இலையில் இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னாள்.

திரும்பிவரும் பேருந்தில் அவள் பேசவில்லை. கம்பத்திலிருந்து உத்தமபாளையம்வரை மதினி பேசாமல் வந்தது அந்த ஒருமுறைதான். வீட்டிலும் இரண்டு நாள் பேச்சில்லை. யார் மூலமாகவோ விஷயம் தெரிந்து அண்ணன் என்மேல் பாய்ந்தார். "சோறு போட்ட கையத்தான் கடிப்பியா?" என்றார். அதற்கும் மதினி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் உடைத்துவிட்டது என்ன என்று அந்த அமைதிதான் எனக்குச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிருங்க மதினி" என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"சிரிச்சாகன்னு எனக்கு வருத்தமில்ல. நான் சிரிக்க வைக்கிறவதான். ஏழு இட்லின்னு எழுதுன, சரி. குண்டுன்னு எழுதுன, அதுவும் நெசந்தான். ஆனா கடைசில எதுக்குடி அவள எல்லார் கால்லயும் விழ வச்ச?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "இனிமே பொய்யே சொல்ல மாட்டேங்கிறாளே, அப்புறம் அவளுக்கு என்ன வேலை இருக்கு? வீட்டுல ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அவ வாய மூடிக்கிட்டு உக்காந்திருப்பாளா?"

ஆறு வருடமாகச் சொல்லாததை அன்றுதான் சொன்னேன். கல்யாணம் நின்றபோது அவள் மட்டும் அந்தப் பல்லியைக் கொண்டுவராவிட்டால் நான் தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருக்கமாட்டேன் என்றேன். அழுகையில் பாதி வார்த்தைகள் வரவில்லை. மதினி மொச்சையை வைத்துவிட்டு என்னை வியப்போடு பார்த்தாள். "அது நானாச் சொன்னதா? அவரு நெசமாவே பயந்தாருடி. நீ தலையக் குனிஞ்சே இருந்த, அதான் பாக்கல" என்றாள். அவள் முகத்தில் பொய்யின் நிழல்கூட இல்லை. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அண்ணன் உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கடைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே இரண்டாவது கதை எழுதினேன். சத்தியம் செய்த மறுநாள் காலையில், பால்காரி வருவதற்குள்ளேயே கனகவல்லி அதை மீறிவிடுகிறாள். அதற்குப்பின் அவள் திருந்தவே இல்லை. பத்திரிகையில் தொடர்ந்து கேட்டார்கள், நானும் எழுதினேன். கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் பெண்கள்தான் எழுதினார்கள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று பாதிப்பேர், அது நானேதான் என்று மீதிப்பேர். என் பொறுமைசாலிக் கதாநாயகிகளில் ஒருத்திகூட அச்சேறியதில்லை. குறையே இல்லாத பெண்ணை எல்லோரும் மதிப்பார்கள், வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசமாட்டார்கள் என்பது எனக்குப் புரிய அத்தனை வருடம் ஆயிற்று. கனகவல்லி கதைகள் நான்கு புத்தகங்களாக வந்திருக்கின்றன. கல்யாணம் செய்துகொள்ளாமலே என் வாழ்க்கை நிறைவாக அமைந்ததற்கு அந்தப் புத்தகங்களும், அவற்றைத் தந்தவளும்தான் காரணம்.

முதல் புத்தகத்தில் "மதினிக்கு" என்று ஒரே சொல்லில் காணிக்கை போட்டிருந்தேன். பார்த்ததும் மதினி முகத்தைச் சுளித்தாள். "மதினின்னா எந்த மதினி? இந்த ஊர்ல ஆயிரம் மதினி இருக்காக. பேரப் போடு" என்றாள். அடுத்த பதிப்பில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் பெயர், அப்பா பெயர், ஊர், அப்பாவின் தொழில். கடைசியில், "பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போட்டுக்க" என்றாள். நான் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். போட்டேன். அச்சகத்தில் சரிபார்க்கக் கேட்டபோதும், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அண்ணன் இப்போது இல்லை. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். நானும் மதினியும்தான் வீட்டில் இருக்கிறோம். அவளுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, ஒரு கண்ணில் அறுவை முடிந்து இன்னொன்றுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். போன மாதம் தேனியிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை என் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும் என்று வந்திருந்தார். இளம்பெண், மரியாதையானவர். காணிக்கைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கதானாம்மா இது? பி.ஏ. எங்கம்மா படிச்சீங்க?" என்று மதினியிடம் கேட்டார்.

"மதுரையிலதான். அந்தக் காலத்துல பொம்பளப் பிள்ளைக நாங்க மூணே பேருதான்" என்றாள் மதினி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பேராசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "எந்த வருஷம்மா முடிச்சீங்க?"

மதினி அதை எதிர்பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, மறதிக்காரியைப் போல நெற்றியைத் தடவிக்கொண்டே, "எந்த வருஷம்டி நான் முடிச்சேன்?" என்றாள்.

வாழ்நாளில் ஒரு கடிதத்தில்கூடத் தேதியை மாற்றிப் போட்டறியாத பள்ளி எழுத்தர் நான். கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு வருஷத்தைச் சொன்னேன். முதல் வகுப்பு என்றும் சேர்த்துச் சொன்னேன்.