சுடலைமுத்து அண்ணாச்சி நட்ட இரண்டு கற்கள்

பேட்டைப் பட்டறையில் வேலையாக இருந்தபோது போன் வந்தது. "அண்ணாச்சி போயிட்டாருவே. வெயில் ஏறுமுன்ன வந்து சேரும்" என்றான் பழைய மில் நண்பன். எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் பத்து வருஷம் என் ஷிப்டில் நின்ற சுடலைமுத்து அண்ணாச்சிதான்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரைப் பரம சாது என்று பேசினார். பச்சைப் பொய்!

எங்கள் ஊரிலிருந்து மில்லுக்கும் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கும் வாய்க்கால் கரையோரம் ஒற்றையடிப் பாதைதான். மழையில் அரித்து, முள் மூடிக் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணாச்சி சொல்லி, ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேர் கூலியில்லாமல் மண்வெட்டியோடு இறங்கினோம். அவர் மனைவி பேச்சியக்கா சுக்குக்காப்பி கொண்டுவருவார். "ஏலே, எதுக்க ஒரு சைக்கிள் வந்தா எங்கன ஒதுங்க? நல்லா அகலமா வெட்டுங்கலே" என்பார் அண்ணாச்சி. வெட்டினோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

பாதை அகலமானதும், தோட்டத்துக்கு வண்டிப்பாதையே இல்லாத வாழைத்தோட்டக்காரர் ஒருவர் அதில் டிராக்டர் விட ஆரம்பித்தார். ஒரு ஞாயிறுகூட ஒரு கூடை மண் சுமக்காத மனிதர். அவர் பெயரை எழுதி இந்தக் காகிதத்தை அழுக்காக்க மாட்டேன். முதல் மழையிலேயே முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடம் விழுந்தது. மில்லுக்குச் சோறு கொண்டுவந்த பேச்சியக்கா அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. நியாயம் கேட்கப் போனோம். "பாத்து நடக்கத் தெரியாதா?" என்று சிரித்தார் தோட்டக்காரர். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அடுத்த ஞாயிறு பாதையின் வாயில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு கருங்கற்களை நட்டோம். நடுவே ஒரு சைக்கிள் நுழையலாம், அவ்வளவுதான். "கல்லைப் பைய இறக்கும்வே. இது நம்ம காலத்துக்கும் நிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

வாழை வெட்டு வந்தது. டிராக்டர் வெளியிலேயே நின்றது. ஊரில் சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள், ஒருவரும் போகவில்லை. வெள்ளை வேட்டியெல்லாம் வாழைக்கறையாகத் தோட்டக்காரரே தார் சுமந்தார். அண்ணாச்சி சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைசித் தார் வரை பார்த்தார். "அவனே தாரைத் தூக்குதான் பாரும்வே! பேச்சிகிட்ட போய்ச் சொல்லணும்" என்று சிரித்தார். எனக்கும் அன்றைக்குச் சோறு இனித்தது.

அவருடைய பாடையும் அந்தக் கற்களுக்கு முன்னால்தான் நின்றது. தூக்கியவர்கள் ஜோடியாக நுழைய இடமில்லை. மாலையோடு வந்திருந்த தோட்டக்காரர், "பழசை மறந்திருவோம். கல்லைப் பிடுங்கிருவோமா? அவரு நிம்மதியாப் போகட்டும்" என்றார். என்ன ஒரு கரிசனம்!

"பேச்சியக்கா இன்னும் கட்டில்லதான் கெடக்கா. அவ மறக்கட்டும், பொறவு நான் மறக்கேன். கல்லுல கை வச்சிராதேயும்" என்றேன். பாடையைத் தலைக்கு மேலே தூக்கி, கற்களுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் கைமாற்றிக் கொடுத்தோம்.

அண்ணாச்சியின் உழைப்பையும் பொறுமையையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய வன்மம் போதும். ஒரு கல் லேசாகச் சாய்ந்திருக்கிறது. வருகிற ஞாயிறு அதை நிமிர்த்தி அடியில் சிமெண்டு போடப்போகிறேன். அவரை உண்மையாகத் தெரிந்தவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.