கணக்கில் விட்டுப்போன தேயிலை

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி கைபேசியைத் தட்டித் தட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைநாட்டில், ஹட்டனில் ஒரு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. கொழும்பில் வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு, ஆனால் செலவும் குறையும், போகலாமா வேண்டாமா என்று யோசனை. "வீட்டு வாடகை, கரண்ட், அரிசி, காய்கறி, தேயிலை..." என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தாத்தா?" என்றாள். "ஒன்னுமில்லம்மா, நீ கணக்கப் பாரு" என்றேன்.

ஒன்றுமில்லாமல் என்ன? அவள் போகிற போக்கில் சொன்ன அந்தத் தேயிலையைக் கணக்கில் சேர்க்க மறந்துதான் நானும் என் மனைவி பாக்கியமும் அதே ஹட்டனில் குடித்தனம் தொடங்கினோம். ஐம்பதுகளின் கடைசி அது. இத்தனைக்கும் அவள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நானோ தேயிலைத் தொழிற்சாலையில் தூளை அடைத்துப் பெட்டி அடிப்பவன். தலைமுதல் கால்வரை தேயிலைத்தூள் படிந்துதான் தினமும் வீடு திரும்புவேன். இப்படிப்பட்ட இரண்டு அறிவாளிகள் உட்கார்ந்து போட்ட கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எட்டாம் வகுப்புவரை படித்திருந்ததால் ஹட்டனில் ஒரு அச்சகத்தில் அச்செழுத்துக் கோர்க்க என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மாதச் சம்பளம் எழுபத்தைந்து ரூபாய். மாதச் சம்பளம் என்ற சொல்லே எனக்குப் போதையாக இருந்தது. தோட்டத்தில் எங்களுக்கு வேலைக்கு வந்ததாகப் பேர் போட்ட நாளுக்குத்தான் கூலி. மழை அதிகமானால் வேலை குறையும், வேலை குறைந்தால் கூலி குறையும். இங்கே மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் எழுபத்தைந்து. ஆனால் தோட்டத்தில் சம்பாதிப்பது இரண்டு பேர். டவுனில் நான் ஒருவன்தான். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவுக்கு வாடகை இல்லை. மலையில் கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை, மிலாறு என்போம், கட்டிக்கொண்டு வந்தால் விறகுச் செலவும் இல்லை. டவுனில் குச்சிக்கும் காசு.

பாக்கியம் ஒரு சுளகை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். எழுபத்தைந்து தேயிலைக் கொட்டையை எண்ணிக் கொட்டினாள். ஒரு கொட்டை ஒரு ரூபாய். "வாடகை" என்று சொல்லி ஒரு குவியலை ஒதுக்கினாள். "அரிசி." இன்னொரு குவியல். மாவு, பருப்பு, மண்ணெண்ணெய், விறகு, கோயில் திருவிழாக் காசு என்று ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் சுளகின் ஓரத்தில் நான்கைந்து கொட்டை மிச்சம் கிடந்தது.

"இது போதுங்க. கெட்டிக்காரத்தனமா இருந்தா பொழச்சுக்கலாம்" என்றாள்.

கையில் தேயிலைக் கொட்டையை வைத்துக்கொண்டு எண்ணிய எங்களுக்குத் தேயிலை ஞாபகம் வரவில்லை! வந்திருக்க வழியும் இல்லை. மாதாமாதம் தோட்டத்தில் தூள் கொடுப்பார்கள், வாங்கி வந்து டின்னில் கொட்டுவோம். அதற்கு ஒரு விலை உண்டு என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

கணக்கப்பிள்ளையிடம் சொல்லப் போனோம். தோட்டத்தில் எங்கள் பேரைப் பதிகிறவர், காம்பராவைக் கொடுக்கிறவர், எடுக்கிறவர், எல்லாம் அவர்தான். நெஞ்சு கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் கேலிக்காரர்.

"அங்க போயி என்னத்த தின்னப் போறீங்க? எழுத்தயா?" என்று சிரித்தார். பிறகு, "மூணு மாசத்துக்கு ஒங்க காம்பராவ யாருக்கும் குடுக்க மாட்டேன். எப்புடியும் திரும்பி வருவீங்க" என்றார்.

அவர் வாசலில் எங்களுக்கு உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டே கேட்டுவிட்டு வந்தோம். வழியில் பாக்கியம், "மூணு மாசமாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை பிடித்தோம். தோட்டத்திலிருந்து அவள் துணியில் முடிந்து கொண்டுவந்த தூள் ஒரு வாரத்துக்கு மேல் வந்தது. ஒரு காலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, பாக்கியம் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தூள் முடிஞ்சு போச்சுங்க" என்றாள். "சரி, போயி..." என்று ஆரம்பித்த நான் அப்படியே நிறுத்திவிட்டேன். எங்கே போய்? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது தண்ணீர் பாதி வற்றியிருந்தது.

சந்து முனையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் மளிகைக்கடை, நானா என்று கூப்பிடுவோம். அவர் சுருளில் மடித்துக் கொடுத்த தூளைப் பாக்கியம் அங்கேயே பிரித்து முகர்ந்தாள்.

"நானா, இது கூட்டி அள்ளுன தூசியில்ல?"

நானாவுக்குக் கோபம் வரவில்லை. "நல்ல தூளெல்லாம் கப்பல்ல ஏறி லண்டனுக்குப் போற, மகள். எங்களுக்கு மிஞ்சி ஈக்கிது இதுதான்" என்றார்.

அவள் பறித்ததையும் நான் பெட்டியில் அடைத்ததையும் யாரோ குடிக்க, அந்தத் தூசியை நாங்கள் காசு கொடுத்து வாங்கி வந்தோம். குடித்துப் பார்த்தால் தொண்டையில் பிடித்தது. சீனியைக் கலக்கினால் கட்டுப்படியாகாது என்று உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். தேயிலை ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்குப் பொழுது விடியாது, வந்தவர்களுக்குக் கொடுக்காமலும் இருக்க முடியாது. சுளகின் ஓரத்தில் மிஞ்சிய அந்த நான்கைந்து ரூபாயும் அதிலேயே கரைந்தது. அடுத்த மாதம் கடைசி வாரத்தில் இரவுச் சோற்றை விட்டோம்.

எனக்குத்தான் முதலில் மனம் தளர்ந்தது. "ஒன் அண்ணங்கிட்ட சொல்லி தோட்டத்துத் தூள் கொஞ்சம் கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"வேணாங்க" என்றாள். "இன்னைக்கு அங்கருந்து தூள் வாங்குனா நாளைக்கு அரிசி வாங்குவோம். நாளான்னைக்கு மூட்டயக் கட்டிக்கிட்டு கணக்கப்பிள்ள வாசல்ல போயி நிக்கணும். எனக்கு நிக்க முடியாது."

அச்சகத்தின் வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மையும், எழுத்துகளைக் கழுவும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த பாக்கியம் ஒரு நாள் அங்கே அச்சடித்த தாள்கள் மடிக்க ஆளில்லாமல் குவிந்து கிடப்பதைப் பார்த்தாள். "நான் மடிக்கட்டுமாங்க மொதலாளி?" என்று நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாத குறை. முதலாளி, சும்மா பார்க்கலாம் என்று ஒரு கட்டைக் கொடுத்தார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல்களை நீங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? நுனியெல்லாம் கறை ஏறி, வெடிப்புக்குள் கறுப்பு ஊறிப்போயிருக்கும். அந்த விரல்கள் தாளின் மேல் போன வேகத்தைப் பார்த்து மெஷின் சுற்றுகிறவன் கூட நிறுத்திவிட்டு நின்றான். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன, மலையில் செய்கிற மாதிரியே. தாளில் ஒரு சின்னக் கறை கூட ஒட்டவில்லை. முதலாளி ஒன்றும் பாராட்டவில்லை, "நாளைக்கும் வாம்மா" என்று மட்டும் சொன்னார். நான் அன்று முழுக்க எழுத்துகளைத் தப்புத் தப்பாகவே கோர்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை.

கட்டுக்கு இவ்வளவு என்று அவளுக்குத் தனியாகக் கூலி வந்தது. முதல் கூலியில் அவள் நானாவிடம் போய், கடையில் இருந்ததிலேயே நல்ல தூளைக் கேட்டு வாங்கி வந்தாள்.

மூன்றாவது மாதம் முடிகிற சமயம். கணக்கப்பிள்ளை தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்கு வந்தவர், எங்கள் அறையையும் எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் எங்கள் காம்பராவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. இருந்த ஒரே ஸ்டூலை எடுத்துப்போட்டு, "உக்காருங்க ஐயா" என்றாள் பாக்கியம். உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததுமே புருவத்தை உயர்த்தினார்.

"தோட்டத்துத் தூளா?"

"இல்லீங்க ஐயா. காசு குடுத்து வாங்குனது."

அவர் மெதுவாகக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தக் காம்பராவ..." என்று இழுத்தார்.

"குடுத்துருங்க ஐயா. யாருக்காச்சும் ஒதவும்" என்றாள்.

அவள் குரல் உயரவில்லை. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல நாள் வந்து போயிருக்கிறது, அந்த நாளுக்கு ஈடு எதுவும் இல்லை.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. நானாவின் கடையும் அந்தச் சந்தும் போய் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. எங்கள் காம்பராவுக்குக் குடிவந்த குடும்பமும் பிற்பாடு இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. அந்த லயமே இன்று இல்லை. பாக்கியத்தின் விரல்களிலிருந்த கறை டவுனுக்கு வந்த ஒரு வருடத்தில் மெல்ல மெல்லப் போயிற்று. ஒரு நாள் விரல்களை விரித்துக் காட்டி, "பாருங்க, யாரு கையோ மாதிரி இருக்கு" என்றாள்.

பேத்தி கணக்கை முடித்துவிட்டாள். "ஹட்டனுக்கே போறேன் தாத்தா, சமாளிக்கலாம்" என்றாள். சமாளிப்பாள். அவள் அப்பத்தாவின் பேத்தி அல்லவா? தேயிலையை அரிசி, காய்கறியோடு ஒன்றாகச் சேர்த்து, யோசிக்காமல் ஒரு விலையும் போட்டுவிட்டாளே! எங்கள் குடும்பத்தில் தேயிலைக்கு விலை போடத் தெரியாத கடைசி ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி போய்விட்டாள்.