கூரை ஓட்டையில் இறங்கிய கிரகணம்

போன கிரகணத்தன்று எதிர்வீட்டுப் பெண் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு ஒரு கறுப்புக் காகிதக் கண்ணாடியை நீட்டினாள். போட்டுப் பார்த்தேன். கடித்துவைத்த அப்பளம் மாதிரி ஒரு துண்டு. "சூப்பரா இருக்குல்ல?" என்றாள். இருந்தது, ஒன்றே ஒன்று. நான் ஒரே நேரத்தில் நூறு சூரியனைப் பார்த்தவள் என்றால் கிழவிக்குக் கிறுக்கு என்பாள். உங்களிடம் சொல்லலாம்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல், பனையோலை வேய்ந்த வீடு. ஓலை இற்றுப்போய் வானம் தெரிந்தது. மாற்றச் சொல்லிக் கணவரிடம் கத்துவேன். "மழைக்கு முன்னாடி பாத்துக்கலாம்" என்பார். எனக்கு அப்போதே வாய் நீளம். இப்போது குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

ஆனி மாதம் சூரிய கிரகணம் வந்தது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. முந்தைய வருஷம் ஒன்று கலைந்துபோயிருந்ததால் என் மாமியாருக்கு ஒரே நடுக்கம். அவரை அயித்தை என்றுதான் கூப்பிடுவேன். காலையிலேயே பானை சட்டியிலெல்லாம் தர்ப்பையைப் போட்டார். என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். "தலைய வெளிய நீட்டுன, கால ஒடிச்சுப்புடுவேன். பிள்ளைக்கு உதடு கிழிஞ்சு போகும்டி!" அந்தக் காய்ந்த புல் வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

முற்றத்தில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திவிட்டுத் தெருவே சுற்றி நின்றது. கிரகணம் விடும்வரை உலக்கை தானாக நிற்குமாம். வானத்தில் அத்தனை பெரிய காரியம் நடக்கிறது, அத்தனை பேரும் உலக்கையைப் பார்க்கிறார்கள்.

உள்ளே எல்லாரையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூரை ஓட்டைகள் வழியாக மேற்குச் சுவரில் வழக்கமான வெயில் பொட்டுகள். ஆனால் ஒன்றுகூட உருண்டையாக இல்லை. எல்லாம் பிறை. எலி கடித்த ஓட்டை, கீறல், முக்கோணம், எது வழியாக வந்தாலும் அதே பிறை. அப்போதுதான் உறைத்தது. மற்ற நாளில் இதே ஓட்டைகள் வழியாக விழுந்ததெல்லாம் உருண்டைதானே? அப்படியென்றால் அது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷமாகத் தரையில் கிடந்த சூரியனைத்தான் விளக்குமாற்றால் பெருக்கியிருக்கிறேன், மடச்சி!

பிறைகள் மெலிந்து நகக்கீறலாயின. பிறகு தடிக்கத் தொடங்கின. எழுந்து நின்று கத்திவிட்டேன். "அயித்தே, விட ஆரம்பிச்சிருச்சு!"

கதவு படாரென்று திறந்தது. "அடிப்பாவி, வெளிய பாத்தியாடி?" அயித்தையின் கை ஓங்கியபடியே நின்றுவிட்டது. என் வயிற்றின் மேல் நாலைந்து பிறை. அலறிக்கொண்டு தன் முந்தானையால் மூடினார். பிறைகள் முந்தானையில் ஏறின. கையால் மறைத்தார். கையில் ஏறின.

"நான் எங்கயும் போகல அயித்தே. அதுதான் உள்ள வந்துச்சு."

கையை உதறினார். பிறகு தணலைத் தொடுகிறவர் மாதிரி உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையை ஏந்தினார். "என்னடி, சுடவே இல்ல?" வெளியே உலக்கை விழுந்து தாம்பாளம் அதிர்ந்தது. நாங்கள் திரும்பவில்லை.

ஐப்பசி வரை அவர் சரியாகத் தூங்கவில்லை. மகள் பிறந்ததும் உதட்டைத்தான் முதலில் பார்த்தார். விரல்களை மூன்று தடவை எண்ணினார். ஒரு குறையும் இல்லை. என் வாய் அப்படியே வந்திருந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கார்த்திகையிலேயே இன்னொரு கிரகணம். அதற்குள் கூரை வேய்ந்தாகிவிட்டது. பிள்ளை என் மடியில். அயித்தை தொரட்டிக் கம்பை எடுத்துப் புது ஓலையில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். "ஏ ஆத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கணவர் ஓடிவந்தார். "நீ போயி உலக்கையப் பாருடா. எம் பேத்தி சூரியனப் பாக்கட்டும்."

அந்த ஊரில் இன்று ஓலை வீடே கிடையாது. நல்லதுதான், மழையில் நனைந்தவளுக்குத் தெரியும். அயித்தையும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். அப்படிப் பயந்து, பயந்துகொண்டே கையையும் நீட்டிய மனுஷியை அப்புறம் நான் பார்க்கவில்லை.