பத்திநாதன் விற்ற ஹார்ட் டிஸ்க்

ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் பத்திநாதன், தனுஷிகாவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அப்படி ஒரு கடன் இருப்பது தனுஷிகாவுக்கே தெரியாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர் பத்திநாதன். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தார், சொல்லிக்கொடுக்க ஆளில்லை. "கொழும்புல கைவிட்டத நம்ம மேசைல எழுப்பி உக்கார வச்சிருக்கேன்" என்பார். பொய்யும் இல்லை.

தோட்டங்களில் கல்யாணம், சடங்கு என்று படம் பிடிக்கும் தனுஷிகா, படங்களைச் சேர்த்து வைக்க ஒரு பழைய டிஸ்க் கேட்டு வந்தாள். பத்திநாதன் கையில் இருந்ததோ அங்கங்கே பழுதானது. டிஸ்க்குக்குள்ளேயே, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிறவன் மாதிரி, ஒரு கங்காணி இருக்கிறான் என்பது பத்திநாதனின் விளக்கம். லயத்து வீட்டு வரிசையில் ஒரு காம்பரா, அதாவது அறை, ஒழுகினால் அதைப் பூட்டிவிட்டு, குடும்பத்தை, இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் வேறு காம்பராவுக்கு மாற்றிவிடுவான். நம்பர் மட்டும் பழையதே. கம்ப்யூட்டருக்கு எல்லாம் நல்லதாகவே தெரியும். ஆனால் எத்தனை மாற்றினான் என்று கேட்டால் அவன் மறைக்கமாட்டான். பத்திநாதன் கேட்டுப் பார்த்தார். ஒதுக்கிய காம்பராக்கள் அநேகமாகத் தீர்ந்திருந்தன. மிச்சப் பழுதை விண்டோஸ் குறித்துக்கொண்டு தொடாமல் விடும்படி முழுதாக ஃபார்மட் செய்தார்.

"கல்லு மாதிரி இருக்கு புள்ள" என்று விற்றார்.

மழைக்காலம் ஓய்வதற்குள் டிஸ்க் படுத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்தாள் தனுஷிகா.

"ராக்காயி அக்கா மக கல்யாணப் படமெல்லாம் இதுல தாங்க மாமா. கரண்டு வந்து வந்து போனதுல தான் கெட்டிருக்கும், என் நேரம். அக்கா சண்டை புடிக்கல. தாலி கட்டுன படம் ஒண்ணாவது தேறுமான்னு தான் கேட்டாங்க. படத்துக்கு வாங்குன காசத் திருப்பிக் குடுத்துட்டேன்."

பத்திநாதன் தன் வித்தையெல்லாம் காட்டினார். உள்ளே ஊசி தட்டுகிற சத்தம்தான் வந்தது. ஒரு படமும் தேறவில்லை. பெட்டி பிரிக்காத புது டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இத வச்சுக்க. காசு வேணாம்."

"ஏங்க மாமா?"

"சும்மா தான்."

"ஊரெல்லாம் சொல்றேன் பாருங்க, பத்திநாதன் மாமாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசுன்னு!"

புகழ்ச்சி என்றால் நாற்காலி போட்டுக் கேட்கிற மனிதர், அன்று காதைப் பொத்திக்கொள்ளத் துடித்தார். அவரும் கங்காணி மாதிரியே பழுதைப் பூட்டி மறைத்து, நல்லதை மாற்றிக் கொடுக்கிறார். அந்தக் கங்காணியாவது கேட்டால் சொல்லிவிடுவான்.

"நிறுத்து புள்ள. விக்கிறப்பவே அது பழுது. எனக்குத் தெரியும்."

தனுஷிகா செத்த டிஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என் நேரம், என் நேரம்னு நான் பொலம்புறேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே!"

"தப்பு தான்."

"வாயி மட்டுந்தான் பெருசு உங்களுக்கு."

புது டிஸ்க்கை மேசைமேல் தள்ளினாள்.

"இது வேணாங்க. ஏங் காசக் குடுங்க. அக்காவுக்குக் குடுத்ததையும் சேத்து."

கையை விரித்து நீட்டினாள். பத்திநாதன் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். கடையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஒன்பதை ஒவ்வொன்றாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.