சங்கரன்கோவிலில் முகம் திருப்பிக்கொள்ளும் வேலை

சங்கரன்கோவிலுக்கு நான் போனதற்குப் பக்தி காரணமில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெபா அங்கே வேலை பார்க்கிறாள். "வாரேன் வாரேன்னு சொல்லுத, வரத்தான் காணோம்" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் திட்டுவாள். இந்த மாசியில் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஆடித்தபசு சமயத்தில் போனால் ஊரில் கால் வைக்க இடமிருக்காது, சித்திரையில் வெயில் ஆளை வறுத்துவிடும். மாசிதான் தோது.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குப் பொதிகை ரயில் வசதி. இரவு எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலை ஏழு மணி வாக்கில் சங்கரன்கோவில். ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்க ஜன்னலுக்கு மாறிவிடுங்கள், மலை கூடவே வரும். ரயிலில் விற்கிற காப்பியை மட்டும் நம்பாதீர்கள். இறங்கி நிலையத்துக்கு வெளியே குடித்துக்கொள்ளலாம்.

ஜெபா வேலை பார்ப்பது, பாலியல் தொல்லைக்கும் அடி உதைக்கும் ஆளான குழந்தைகளுக்கு உதவும் மையத்தில். குழந்தைகளோடு பேசி மனதைத் தேற்றும் ஆலோசகர் அவள். அதனால் இந்தப் பதிவில் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், சில இடங்களையும். மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம், பதில் வராது.

ஸ்டேஷனில் ஏறிய ஆட்டோவை ஓட்டியவர் மைதீன் பாய். தெருப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "டியூஷன் வீட்டுக்கா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இங்கன இறங்கிக்கிடுங்கம்மா. உள்ள ரெண்டாவது, பச்சைக் கேட்டு வீடு."

"வாசல் வரைக்கும் ஆட்டோ போகாதா?"

"போகும். நாங்க போறதில்ல. வாசல்ல ஆட்டோ நின்னா யாரு வந்திருக்கான்னு நாலு வீடு எட்டிப் பாக்கும்லா. ஸ்டாண்டுல எல்லாருமே அப்படித்தான்."

வீட்டில் பெயர்ப்பலகை இல்லை. முன்னறையில் சாயங்காலம் உண்மையாகவே டியூஷன் நடக்கிறது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எந்தப் பிள்ளை கணக்குப் படிக்க வருகிறது, எந்தப் பிள்ளை ஜெபாவைப் பார்க்க வருகிறது என்று தெருவுக்குத் தெரியாது. அதற்காகத்தான் டியூஷனே. கணக்கும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஜெபா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மையத்தில் அவளோடு இருப்பவர் ராபியா அக்கா. கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார், கணவர் துபாயில். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எங்கே பிள்ளைகள் போக வேண்டியிருந்தாலும் கூடப் போவது இவர் வேலை. மதியம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். சாப்பாட்டு நேரத்தில் வேலைப் பேச்சு கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், குழம்பில் உப்பு கூடியதைப் பற்றித்தான் பேசலாம். நான் ஊருக்குப் புதியவள் என்பதால் ஒரே ஒரு கேள்விக்கு விலக்கு கொடுத்தார்கள். சின்ன ஊராயிற்றே, கடைத்தெருவில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"முத நாளே சொல்லிருவோம்" என்றாள் ஜெபா. "வெளிய எங்கன பாத்தாலும் நானாப் பேச மாட்டேன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட மாட்டேன். நீ சிரிச்சா நானும் சிரிப்பேன். உன் இஷ்டம். இதுதான் எங்க ஒப்பந்தம்."

காரணம் புரிந்தது. ஜெபா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் ஒரு பிள்ளையோடு நின்று பேசினால் போதும், அந்தப் பிள்ளையைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்துவிடும். வருடக்கணக்காக இப்படி நடந்து இருவருக்கும் இது உடம்போடு ஒட்டிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிற சர்ச் சபையில் ஜெபாவுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயராம். ராபியா அக்கா கதை இன்னும் மோசம்.

"கல்யாண வீட்டுல என் நாத்தனா மவன் மாமின்னு ஓடி வாரான், நான் பந்தல்காலப் பாத்துக்கிட்டே போறேன். சொந்தக்காரப் பிள்ளையையே தெரியாத மாதிரி! நாத்தனா ரொம்ப நாள் எங்கிட்ட பேசலயே."

சிரித்து முடித்துக் கை கழுவினோம்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நடை திறந்ததும் ஜெபா என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். சிவனும் பெருமாளும் ஒரே உருவாக நிற்கிற சங்கரநாராயணர் சன்னிதியை அவசரமில்லாமல் பாருங்கள். புற்றுமண் பிரசாதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக்குழி உண்டு. மனசு சரியில்லாதவர்கள் அதில் சற்று நேரம் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம் அதிகம், மற்ற நாட்களில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

சக்கரக்குழிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மூன்று பெண்களோடு நின்றிருந்தாள். எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, நானும் சிரித்தேன். திரும்பினால் ஜெபா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "போவமா?" என்றாள். போய்விட்டோம். இரவு ரொட்டியும் சால்னாவும் சாப்பிட்டோம், காரம் தூக்கல்.

மறுநாள் காலை மையத்தில் இருந்தபோது ஜெபாவுக்கு போன் வந்தது. திங்கட்கிழமை தென்காசி நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டிய ஒரு பிள்ளையின் அம்மா. நெடுநாள் காத்திருந்து கிடைத்த தேதி. பிள்ளை வர மாட்டேன் என்கிறாளாம். ஜெபா போனை வைத்தாள். பிறகு ராபியா அக்காவிடம் சொன்னாள், அறையில் நானும் இருந்தேன்.

"‘அந்த அக்காவே என்னையப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. தெரியாதவங்க என்னத்த நம்பப் போறாங்க’ங்காளாம். போனை நீட்டுனா வாங்க மாட்டேங்கா." என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நேத்து கோவில்ல அந்தப் பிள்ளை சிரிச்சாளா?"

"சிரிச்சாளே. என்னைப் பார்த்துன்னு நினைச்சேன்."

ஜெபா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கூட நின்ற பெண்கள் பிள்ளையின் சித்திமார், அவர்களுக்கு வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களைப் பார்த்ததும் ஜெபா பதறித் திரும்பிவிட்டாள். பிள்ளை சிரிப்பாளா மாட்டாளா என்று ஒரு நொடி காத்திருக்க வேண்டும், அந்த நொடியை விட்டுவிட்டாள்.

ராபியா அக்கா விடவில்லை. "சிரிக்கதா வேண்டாமான்னு அவதான முடிவு பண்ணணும்? அவளுக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்டு வந்துட்டெ. அவளைக் கேக்காம நடந்ததெல்லாம் போதாதாக்கும்?" பிறகு குரல் தணிந்து எனக்காகச் சொன்னார்: "அவ வந்து பேசலன்னா கேஸ் நிக்காதும்மா. அந்த ஆளு நிமிந்து வீட்டுக்குப் போவான். வீடு அதே தெருவுல."

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்றாம் மனுஷி உட்கார்ந்திருக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியம் எனக்குப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தை பார்க்கிற திட்டம். பதினேழு பதினெட்டு கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி உண்டு. அந்தப் பிள்ளையின் அம்மா அங்கேதான் பழம் தரம் பிரிக்கிறார், சனிக்கிழமை பிள்ளையும் கூட வருவாள் என்று சொல்லி ஜெபாவும் வந்தாள். வீட்டுக்குப் போக முடியாது, தெரு பார்க்கும். சந்தை என்றால் யாரும் வரலாம்.

சந்தைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற வாசனை வீடு திரும்பும் வரை போகாது. குவியல் குவியலாகப் பழம், அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய், பழம், அடிபட்டது என்று கை நிற்காமல் பிரித்துப் போடுகிறார்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். ஜெபா எதிர்ப்புறம் டீக்கடையில் போய் நின்றாள். இரண்டு டீ குடித்தாள். மூன்றாவது டீ ஆறிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை தூக்குச்சட்டியோடு அம்மாவுக்கு டீ வாங்க வந்தாள். ஜெபாவைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டது அவள்.

ஜெபா போனை எடுத்துக் காதில் வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். டீ மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள்.

"வெள்ளிக்கெழம நீ சிரிச்சத நான் பாக்கல. நீ என்ன செய்யப் போறன்னு பாக்கதுக்கு முன்னாலயே திரும்பிட்டேன். தப்பு என் மேலதான். உன்னைப் பாத்து எனக்கு ஒரு அசிங்கமும் இல்ல. திங்கக்கெழம நீ வந்தாலும் வராட்டாலும் நான் பஸ்ஸுல இருப்பேன்."

பிள்ளை தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபா ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

ஞாயிறு அவள் சபைக்குப் போய்விட்டாள், நான் கரிவலம்வந்தநல்லூர் போனேன். பத்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அமைதியான பெரிய கோவில், காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். திரும்பி வந்து மட்டன் பிரியாணி. இந்த ஊர் பிரியாணிக்குப் பேர் போனது, பன்னிரண்டரைக்குள் போனால்தான் கறி நன்றாகக் கிடைக்கும். ஜெபாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. தங்குவதற்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுமாரான விடுதிகள் இருக்கின்றன, தெருப்பக்கத்து அறையை வாங்காதீர்கள், ஹாரன் சத்தத்தில் தூங்க முடியாது.

திங்கட்கிழமை காலை நான் குற்றாலம் போவதாக இருந்தேன். புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி போகிற பஸ் அதற்குத் தோது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜெபா போவதும் அதே பஸ். வீட்டு வாசலில் கார் வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று அந்த அம்மாதான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். ராபியா அக்கா கடையநல்லூரில் ஏறிக்கொள்வார்.

"பின்னால உக்காரு" என்றாள் ஜெபா. "எம் பக்கத்துல இடம் இருக்கட்டும்."

நடுவில் இருவர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால். புளியங்குடியில் பஸ் நின்றது. கூட்டம் ஏறியது. அவர்கள் இல்லை. ஜெபா பை வார்ப்பட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் விசில் ஊதி வண்டி நகர்ந்துவிட்டது. "அண்ணாச்சி, ஆளு வருது!" என்று படிக்கட்டில் நின்ற யாரோ கத்தினார்கள். பஸ் மறுபடி நின்றது. முதலில் அம்மா ஏறினார், மூச்சு வாங்கியது. அவர் பின்னால் பள்ளிச் சீருடையில் அந்தப் பிள்ளை.

அம்மா முன்பக்கம் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். என்னால் ஜெபாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனால் அவள் தலை அசையவில்லை என்பது தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. நேராக நடந்து வந்தாள்.

"எக்கா, பைய எடுங்க. நான் உக்காரணும்."

பஸ் முழுக்கக் கேட்கிற குரல். ஜெபா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வரிசையில் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் சும்மா இருக்கவில்லை.

"யாரு மக்கா, சொந்தமா?"

"இல்ல" என்றாள் பிள்ளை. "எனக்குத் தெரிஞ்ச அக்கா."

தென்காசியில் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், நான் குற்றாலம் பஸ் ஏறினேன். மாசியில் ஐந்தருவியில் தண்ணீர் நூல் மாதிரிதான் விழும், அதை எதிர்பார்த்துப் போனால் போதும். இந்தப் பயணத்தை எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அந்தப் பிள்ளையைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது, ஜெபா மூலம் கேட்டனுப்பினேன். ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறாள்: "பஸ்ஸுல நடந்தத எழுதட்டும். கோர்ட்டுல நான் பேசுனத வேண்டாம், அது நான் சொல்லணும்னா நானே சொல்லிக்கிடுவேன்."